பெரியப்பாவின் கிடாவும் ஆறாம் குரோமோசோமும்

"பாப்பா, நீதான் இதெல்லாம் படிக்கிறியே. இந்தக் கிடாவ வாங்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

பெரியப்பா கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையில் ஒரு டோர்ப்பர் கிடா நின்றது. வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, சதைப்பிடிப்பான தொடைகள். விற்பவர் கேட்ட விலைக்கு நல்ல நிலையில் உள்ள பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றையே வாங்கிவிடலாம்.

பெரியப்பாவின் ஆட்டுக் கொட்டகை சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் இப்போது செம்பனை. ஒரு காலத்தில் அத்தனையும் பால்மரக் காடு. தாத்தாவும் பாட்டியும் அங்கேதான் மரம் வெட்டினார்கள். நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. பெரியப்பா மட்டும் அந்த வட்டாரத்தை விடவில்லை. முப்பது செம்மறியாடுகளை வைத்துக்கொண்டு, பகலில் லோரி ஓட்டி, மாலையில் புல் அறுத்துக் காலம் தள்ளுகிறார்.

எனக்குக் கால்நடை அறிவியலில் இது இரண்டாம் ஆண்டு. மரபியல் பாடத்தில் நல்ல புள்ளிகள் வாங்கியிருந்தேன். ஆனாலும் அன்று பெரியப்பாவுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. கிடாவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். கொட்டகையின் மூலையில் நின்ற ஐந்து சிறிய ஆடுகளைக் கை காட்டினார். "அதுங்கள தீபாவளிக்கு முன்னாடி தள்ளிவிட்டா பாதி தேறும். எத்தன தின்னாலும் வளரவே மாட்டேங்குது."

அந்த ஐந்தும் தாத்தாவின் ஆடுகள் வழி வந்தவை. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது தாத்தா லோரியில் ஏற்றி வந்த ஆடுகளின் பேத்திகளுக்குப் பேத்திகள். அவற்றை விற்றுவிட்டால் எங்கள் குடும்பத்தில் தோட்டத்திலிருந்து வந்த உயிருள்ள பொருள் எதுவும் மிஞ்சாது. இதைச் சொல்லி அவரைத் தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தீவனச் செலவு அவருடையது.

பால்மர நிழலில் ஒரு மந்தை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் 'கம்பிங்' என்று எழுதியிருந்தால் அது வெள்ளாடாகவும் இருக்கலாம், செம்மறியாகவும் இருக்கலாம். மலாய்மொழியில் செம்மறிக்குப் 'பெபிரி' என்று தனிப் பெயர் உண்டு, ஆனால் கடைப் பலகையில் அது ஏறுவது குறைவு. வெள்ளாடும் செம்மறியும் உறவுக்காரர்கள்தாம், ஒரே இனம் அல்ல. வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம்கள், செம்மறிக்கு 54. நான் இங்கே எழுதுவது செம்மறியைப் பற்றி.

தீபகற்ப மலேசியாவின் உள்நாட்டுச் செம்மறிக்கு 'மாலின்' என்று பெயர். மலேசியா, இண்டிஜினஸ் என்ற இரு சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டி வைத்த பெயர் அது. சிறிய உடம்பு, மெல்லிய வால், முரட்டு ரோமம். நன்கு வளர்ந்த பெட்டை ஆடே இருபது கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவின் இறைச்சி ஆடுகளோடு நிறுத்தினால் தாய்க்குப் பக்கத்தில் குட்டி நிற்பது போலத் தெரியும்.

இந்தச் சிறிய ஆட்டுக்கும் நம் தோட்டங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1970-களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பால்மரங்களுக்கு அடியில் செம்மறி வளர்ப்பதை ஆராயத் தொடங்கியது. நோக்கம் எளிமையானது. இளம் மரங்களுக்கு இடையே களையும் புல்லும் கொடியும் மண்டும். அவற்றை மருந்தடித்து அழிக்கக் கூலி வேண்டும், மருந்து வேண்டும். அதே களையை ஆடு தின்றால் மருந்துச் செலவு குறையும், சாணம் உரமாகும், இறைச்சியும் கிடைக்கும். வெள்ளாடு மரப்பட்டையையும் கொழுந்தையும் கடித்துவிடும் என்ற பயம் உண்டு. செம்மறி பெரும்பாலும் தரையில் இருப்பதையே மேயும்.

மாலின் சின்னதாக இருக்கிறதே, பெரிதாக்க வேண்டும் என்ற எண்ணம் உடனே வந்தது. டார்செட் ஹார்ன், ரோம்னி, சஃபோக், வில்ட்ஷயர் என்று குளிர்நாட்டு இனங்கள் கப்பலேறி வந்தன. மாலினோடு கலப்பு செய்தார்கள். கலப்புக் குட்டிகள் மாலின் குட்டிகளை விட வேகமாக எடை போட்டன. பிறகு 'பார்பேடோஸ் பிளாக்பெல்லி' போன்ற, கம்பளி இல்லாத, வெப்பத்துக்குப் பழகிய இனங்களும் வந்தன.

தாத்தா இதையெல்லாம் ஆய்வறிக்கையில் படித்தவர் இல்லை. அவர் சொன்ன கதை வேறு. தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக் கிடா வந்ததாம். பெரிய கிராணி முதல் பால்வாடி பிள்ளைகள் வரை வரிசையாகப் போய்ப் பார்த்தார்களாம். "மெத்த மாதிரி கம்பளி. மத்தியானமானா நாக்க நீட்டிக்கிட்டு மூச்சு வாங்கும். மழ பேஞ்சா கம்பளி நனஞ்சு எந்திரிக்க முடியாது. ஒரு வருசம் தாக்குப் பிடிக்கல." ஆனால் அது போட்ட சில குட்டிகள் பிழைத்தன. பெரியப்பாவின் மூலை ஆடுகளிலும் அந்தக் கிடாவின் ரத்தம் கொஞ்சம் ஓடலாம். பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரே எழுத்து மாறினால்

பெரியப்பா 'பாக்கா' என்ற மலாய்ச் சொல்லைத்தான் பயன்படுத்துவார். நல்ல பாக்கா, கெட்ட பாக்கா. வம்சம், இனம், பரம்பரைக் குணம் எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். எனக்கு ஆரம்பப் பள்ளியில் தமிழ், இடைநிலைப் பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். மூன்றிலும் தேடிப் பார்த்தேன். நான் விரிவுரையில் கற்றதை விளக்க 'பாக்கா' போதவில்லை. ஏனென்றால் பாக்காவுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

செம்மறியின் டிஎன்ஏவில் ஏறக்குறைய 260 கோடி எழுத்துகள் இருக்கின்றன. இரண்டு ஆடுகளை ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். அங்கங்கே ஓர் எழுத்து மாறியிருக்கும். இதைத்தான் மரபணு வேறுபாடு என்கிறோம். பெரும்பாலான மாற்றங்களால் கண்ணுக்குத் தெரியும் விளைவு எதுவும் இல்லை. சில மாற்றங்கள் ஆட்டையே மாற்றிவிடும்.

நெதர்லாந்தின் ஒரு தீவிலிருந்து வந்த டெக்செல் என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொடை அசாதாரணமாகத் திரண்டிருக்கும். விலங்குகளின் உடம்பில் மயோஸ்டாட்டின் என்ற புரதம் தசை வளர்ச்சிக்கு பிரேக் போல வேலை செய்கிறது. டெக்செலில் அந்த மரபணுவின் கடைசிப் பகுதியில் 'ஜி' என்ற எழுத்துக்குப் பதில் 'ஏ' இருக்கிறது. அந்த ஓர் எழுத்தால் தசையில் உள்ள சிறு ஆர்என்ஏ துண்டுகள் அங்கே வந்து ஒட்டிக்கொண்டு, புரதம் உற்பத்தியாவதைக் குறைத்துவிடுகின்றன. பிரேக் தளர்கிறது, தசை கூடுகிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழுவினர் 2006-இல் இதை வெளியிட்டார்கள்.

இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1983-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு டார்செட் கிடாவின் பின்பகுதி வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தது. 'சாலிட் கோல்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குணத்துக்கு 'கேலிபிஜ்' என்று கிரேக்கப் பெயர் சூட்டினார்கள். அழகிய பின்புறம் என்று பொருள்! காரணம் பதினெட்டாம் குரோமோசோமில் ஓர் எழுத்து மாற்றம். இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த மாற்றம் தகப்பனிடமிருந்து மட்டும் வந்தால்தான் குட்டி பருக்கும். தாயிடமிருந்து வந்தால் பருக்காது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தாலும் பருக்காது. தீவனம் குறைவு, தசை அதிகம் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். சமைத்துப் பார்த்தபோது இறைச்சி ரப்பர் மாதிரி இருந்தது. தங்கக் கிடா சந்தையில் எடுபடவில்லை.

இப்படி ஒரே மரபணு பெரிய வேலை செய்வது அபூர்வம். சாதாரணமாக ஆட்டின் எடையைப் பல நூறு இடங்களில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றும் சில கிராம் கூட்டும், சில கிராம் குறைக்கும். அவற்றைத் தேடுவதற்கு ஒரு சில்லு இருக்கிறது. ஆட்டின் ரத்தத்திலிருந்தோ காது நுனியிலிருந்தோ டிஎன்ஏ எடுத்து அதில் ஊற்றினால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் என்ன எழுத்து இருக்கிறது என்று ஒரே நேரத்தில் படித்துவிடும். ஆயிரக்கணக்கான ஆடுகளைப் படித்து, எடையோடு ஒப்பிட்டு, எந்த எழுத்து இருக்கும் ஆடுகள் கனமாக இருக்கின்றன என்று பார்க்கிறார்கள்.

ஆஸ்திரேலிய மெரினோ ஆடுகளை இப்படிப் பார்த்தபோது ஆறாம் குரோமோசோமின் ஒரு பகுதி தனித்துத் தெரிந்தது. 2015-இல் வெளியான ஆய்வு அது. அங்கே எல்கோர்ல், என்கேப்ஜி என்ற மரபணுக்கள் இருக்கின்றன. ஆச்சரியம் இனிமேல்தான். மாட்டின் உடல் அளவைத் தேடினாலும் இதே மரபணுக்கள், குதிரையின் உயரத்தைத் தேடினாலும் இதே மரபணுக்கள், மனிதனின் உயரத்தைத் தேடினாலும் இதே பகுதி வந்து நிற்கிறது. வகுப்பில் இதைக் கேட்டபோது என் பக்கத்தில் இருந்த தோழி குட்டையான என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள்.

பதினொரு குட்டிகள்

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, இந்தக் கிடாகிட்ட அந்த எழுத்து இருக்கா?" என்றார்.

தெரியாது. அதைவிட முக்கியம், இருந்தாலும் என்ன ஆகும் என்பதும் உறுதியில்லை. மெரினோவில் கனத்தோடு சேர்ந்து வரும் அடையாள எழுத்து, சம்பந்தமே இல்லாத வேறோர் இனத்தில் அதே அர்த்தத்தைத் தராமல் போகலாம். அங்கே மரபணுவுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எழுத்து, இங்கே வேறு தெருவில் இருக்கும்.

அதனால் எழுத்தை விட்டுவிட்டு எடையைப் பார்க்கலாம் என்றேன். தொங்கு தராசு ஒன்றை ஈப்போவில் வாங்கி வந்தேன். மூன்று மாதத்தை ஒட்டிய பதினொரு குட்டிகளைத் துணித்தொட்டிலில் போட்டுத் தூக்கினோம். பெரியப்பா பிடித்துக்கொள்ள, நான் நோட்டில் எழுதினேன். கனமானது 14.2 கிலோ, மெலிந்தது 7.6 கிலோ. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

பதினொன்றுக்கும் ஒரே கிடாதான் தகப்பன். பிறகு எப்படி இந்த வித்தியாசம்? ஒவ்வொரு குட்டியின் தாய் எது, ஒற்றைக் குட்டியா இரட்டையா என்று பெரியப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவருக்கு எல்லாம் மனப்பாடம். கனமான குட்டி, மூன்றாவது முறை ஈன்ற தாயின் ஒற்றைக் குட்டி. முழுப்பாலும் அதற்கே. மெலிந்தது, முதல் முறை ஈன்ற தாயின் இரட்டையில் ஒன்று. பதினொரு குட்டிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் புத்தகம் சொல்வதும் இதுதான். பால்குடி மறக்கும் வயதில் குட்டிகளுக்கு இடையே உள்ள எடை வேறுபாட்டில், பரம்பரையாகக் கடந்து வரும் பங்கு பெரும்பாலும் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மற்றது தாயின் பால், தீவனம், நோய், மழை, வெயில்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. மூலையில் நின்ற ஐந்து சிறிய ஆடுகளில் இரண்டு இரட்டைக் குட்டி போட்டிருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் அந்தக் குட்டிகள் மெலிவு. ஒரு தாயின் இரு குட்டிகளையும் சேர்த்து நிறுத்தினால் 17 கிலோவுக்கு மேல். கொட்டகையின் மிகக் கனமான குட்டியை விட அதிகம். பெரியப்பா அந்தக் கூட்டலை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

இந்த இடத்தில் எனக்கு வங்காளத்து கரோல் ஆடு நினைவுக்கு வந்தது. சுந்தரவனச் சதுப்பு நிலத்தில் மேயும் மிகச் சிறிய செம்மறி அது. 1790-களில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பல்களில் வங்காளத்து ஆடுகள் ஏற்றப்பட்டன. நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து, ஆஸ்திரேலியாவின் பூரூலா என்ற பண்ணையில் சில மெரினோ ஆடுகள் மூன்று, நான்கு குட்டிகளாக ஈன்றன. காரணமான மரபணு மாற்றம் 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதே மாற்றம் கரோலிலும் ஜாவாத் தீவின் மெல்லிய வால் ஆடுகளிலும் இருப்பது தெரிந்தது. இந்தியாவில் பல்தானில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அந்த மரபணுவைக் கரோலிலிருந்து எடுத்துத் தக்காணி ஆடுகளுக்குள் கொண்டுவந்தது. யாரும் திரும்பிப் பார்க்காத குள்ள ஆட்டுக்குள் அது அத்தனை காலம் இருந்திருக்கிறது.

தாத்தாவின் ஆடுகளிலும் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சாதாரண ஆடும் இரட்டை போடும்.

பேராக் மழையில்

டோர்ப்பர் கெட்ட இனமா? நிச்சயமாக இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1930-களில், டார்செட் ஹார்னையும் சோமாலியப் பகுதியிலிருந்து வந்த கறுப்புத்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து உருவாக்கினார்கள். பெயரே அந்த இரண்டின் ஒட்டுதான். வேகமாக வளரும், நல்ல இறைச்சி தரும், ரோமம் கத்தரிக்க வேண்டியதில்லை. ஆனால் அது வறண்ட நிலத்துக்கென்று உருவான ஆடு. பேராக்கில் வறட்சி என்றால் இரண்டு வாரம் மழை பெய்யாமல் இருப்பது.

ஈரப் புல்லில்தான் ஆட்டின் பெரிய எதிரி இருக்கிறது. ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப் புழு. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பெரியப்பா தினமும் ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் விடுவார், வெளுத்திருந்தால் மருந்து கொடுப்பார். தென்னாப்பிரிக்காவில் இதற்கு வண்ண அட்டையே தயாரித்து ஃபமாச்சா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்படியா? எங்கப்பா அட்டையில்லாமலே பாத்தாரு" என்றார். இந்தப் புழுவைத் தாங்குவதில் பார்பேடோஸ் பிளாக்பெல்லி, செயின்ட் குரோய் இனங்கள் டோர்ப்பரை விடத் தேர்ந்தவை. புழுவைத் தாங்குவதும் மரபணு விஷயம்தான். ஆனால் அது கிடாவின் படத்தில் தெரியாது, தொடையின் சதை மட்டும் தெரியும்.

பெரிய உடம்புக்குப் பெரிய தீனி வேண்டும் என்பது இன்னொரு சங்கடம். செம்பனை நிழலில் அவ்வளவு புல் இல்லை. மலிவாகக் கிடைப்பது பி.கே.சி. என்று கடையில் விற்கும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு. மாட்டுக்கு அருமையான தீவனம். செம்மறிக்கு அதையே முழுத் தீவனமாகப் போட்டால் ஆபத்து. அதில் தாமிரச் சத்து அதிகம். செம்மறியின் ஈரல் தாமிரத்தை வெளியேற்றத் தெரியாமல் மாதக்கணக்கில் சேர்த்துவைக்கும். ஒருநாள் அது மொத்தமாக ரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுஞ்சிவப்பாகும், இரண்டொரு நாளில் ஆடு விழும். எவ்வளவு தாமிரத்தைத் தாங்கும் என்பதும் இனத்துக்கு இனம் மாறுகிறது. பெரியப்பா சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் நான்கு ஆடுகளைப் பறிகொடுத்திருக்கிறார். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். நான் அறிகுறிகளை வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. பக்கத்து நிலத்துக்காரரோடு அப்போது பேச்சை நிறுத்தியவர், இன்னும் பேசவில்லை.

மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் நம்மைப் போன்ற நிலம், நம்மைப் போன்ற மழை. வட சுமத்ராவில் உள்ள சுங்கை பூத்தே ஆராய்ச்சி நிலையத்தில் அவர்கள் செய்தது எனக்கு நியாயமாகப் படுகிறது. உள்ளூர்ச் சுமத்ரா ஆட்டை ஒதுக்கவில்லை. பாதி உள்ளூர், கால் பங்கு செயின்ட் குரோய், கால் பங்கு பார்பேடோஸ் பிளாக்பெல்லி என்று கலந்து ஓர் இனத்தை உருவாக்கினார்கள். எடையும் கூடியது, மழையைத் தாங்கும் பாதியும் கையில் இருந்தது. பாதி உள்ளூர் வேண்டுமென்றால் முதலில் உள்ளூர் ஆடு உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? நம் நாட்டில் உண்ணும் ஆட்டிறைச்சியில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் நாமே உற்பத்தி செய்கிறோம். மற்றது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த நிலையில் வருகிறது. இந்த நிலையில் பெரிய கிடா மேல் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். பெரியப்பாவைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கிடாவை விலைக்கு வாங்கவில்லை. கோலகங்சார் பக்கம் ஒரு நண்பரிடம் பாதி டோர்ப்பர் கிடா ஒன்று இருந்தது. ஒரு பருவத்துக்கு இரவல் கேட்டார். பத்துப் பெட்டை ஆடுகளை அதோடு விட்டோம். மற்றவை பழைய கிடாவோடு. யார் குட்டி யார் குட்டி என்று தெரிய, காதில் மஞ்சள் தோடும் நீலத் தோடும் மாட்டினோம். பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, தாய் எத்தனையாவது ஈற்று, எத்தனை முறை புழு மருந்து கொடுத்தோம் எல்லாம் நோட்டில் ஏறுகிறது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சில்லு இருக்கிறது. எங்கள் கொட்டகையில் இருப்பது தொங்கு தராசும் ஐம்பது காசு பேனாவும்தான்.

மூலை ஆடுகள் ஐந்தும் தீபாவளிக்கு விற்கப்படவில்லை. விலை பேச வந்தவரிடம் பெரியப்பா, "அதுங்க கணக்குல இருக்கு" என்று சொல்லி அனுப்பினாராம். அம்மா தொலைபேசியில் சொன்னார். நோட்டில் மற்ற ஆடுகளுக்கு எண் மட்டும் போட்டிருக்கிறேன். அந்த ஐந்தின் வரிசைக்கு மேல் பெரியப்பா தம் கையெழுத்தில் 'அப்பா ஆடு' என்று எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்த எடை தைப்பூச விடுமுறையில்.